தலையோடு வாங்கிய இறால்

கம்போ, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சோற்றோடு சாப்பிடும் குழம்பு. அதை வைப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும், ரூ என்ற வறுத்த மாவுக் கலவையில்தான் ஆரம்பிப்பார்கள். எண்ணெயையும் மைதாவையும் சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் போனை எடுக்கக் கூடாது, கருகல் வாடை வந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் கடலுணவுக் கம்போவின் உயிர் ரூவில் இல்லை, சாற்றில் இருக்கிறது என்பது என் கட்சி. இறால் தலையும் ஓடும் நண்டுக் காலும் சேர்ந்து கொதித்து இறங்கிய சாறு. அது நன்றாக அமைந்துவிட்டால் ரூவின் நிறம் ஒரு படி முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. அது இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றினால், ரூவை எவ்வளவு அழகாக வறுத்திருந்தாலும் மாவு கரைத்த குழம்புதான் மிஞ்சும்.

இது எனக்கு உறைத்த இடம் நியூ ஆர்லியன்ஸ், ட்ரெமே பகுதியில் ஆர்லியன்ஸ் அவென்யூவில் இருக்கும் டூக்கி சேஸ் உணவகம். நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். பத்தாம் எண் இன்டர்ஸ்டேட்டில் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லஃபாயெட் தாண்டும் இடத்தில் அட்சஃபாலயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளத்துக்குப் பாலம் போகிறது. இருபுறமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். இதற்கும் தெற்கே, கடலை ஒட்டிய உப்புச் சதுப்புகளில்தான் இறாலும் நீல நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. லூசியானாவுக்கு இத்தனை இறால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த வழியிலேயே கிடைத்துவிடும்.

டூக்கி சேஸில் நான் கேட்டது நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வழியான கிரியோல் கம்போ. நண்டு, இறால், கோழி, புகையூட்டிய சாசேஜ் எல்லாம் ஒரே கிண்ணத்தில், நடுவில் கொஞ்சம் சோறு. படங்களில் பார்த்துப் பார்த்து, சாக்லேட் நிறத்தில் கெட்டியான கூழ் போன்ற ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ கரண்டியில் எடுத்தால் ஓடும் பதத்தில் இருந்தது. வாயில் வைத்ததும் முதலில் தெரிந்தது மாவின் வறுத்த மணமோ காரமோ இல்லை. கடல். இறைச்சி இத்தனை வகை சேர்ந்த பிறகும் நண்டும் இறாலும் அடித்தளத்தில் நின்றன. ஓட்டோடு பாதியாக வெட்டிய நண்டைக் கையில் எடுத்துத்தான் உறிஞ்ச வேண்டும். பக்கத்து மேசையில் கோட் அணிந்த பெரியவர்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். என் கையும் கிண்ணத்துக்குள் போய்விட்டது.

அந்த உணவகத்தைப் பற்றிச் சொல்லாமல் கம்போவுக்குப் போனால் நியாயமாக இருக்காது. 1941இல் தொடங்கிய குடும்பக் கடை அது. 1946இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் லியா சேஸ். சாண்ட்விச் விற்ற கடையை வெள்ளைத் துணி விரித்த மேசைகள் போட்ட உணவகமாக மாற்றியது அவர்தான். கறுப்பின மக்கள் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிட நகரத்தில் இடம் இல்லாத காலம். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சட்ட விரோதம். இந்த உணவகத்தின் மாடியறையிலோ இரு இனத்தாரும் கூடி, கறுப்பினத்தாரின் சம உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்கிறார். தெற்கு மாநிலங்களின் பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த இளைஞர்களும் இங்கே வந்து கம்போ சாப்பிட்டிருக்கிறார்கள். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் உள்ளே புகுந்தது. லியாவும் கணவரும் உணவகத்துக்கு எதிரிலேயே ஒரு சிறிய டிரெய்லரில் தங்கியிருந்து 2007இல் மறுபடி திறந்தார்கள். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஒபாமா ருசி பார்க்கும் முன்பே கம்போவில் ஹாட் சாஸ் ஊற்றியதற்காக அவரிடம் திட்டு வாங்கிய கதை ஊரெல்லாம் தெரியும். 2019இல், 96 வயதில் லியா காலமானார். சுவர் முழுக்க இன்றும் அவர் சேர்த்த கறுப்பின ஓவியர்களின் படங்கள் இருக்கின்றன. நிதானமாகப் பாருங்கள், சாப்பாடு வரும்வரை நேரம் போவதே தெரியாது.

லியா சேஸின் கிரியோல் கம்போ செய்முறை பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்தபோது மைதா அளவுதான் முதலில் கண்ணில் பட்டது. ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீருக்கு 4 மேசைக்கரண்டி. அவ்வளவுதான். மீதி கனம் முழுவதும் நண்டு, இறைச்சி, கோழி இறக்கை, கடைசியில் சிப்பியும் அதன் நீரும், இறக்கும்போது கெட்டியாக்கும் ஃபிலே என்ற இலைப்பொடி. கிண்ணத்தில் எனக்குத் தெரிந்த சுவைக்குக் காரணம் அந்தத் தாளில் இருந்தது. ரூவைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும்.

ரூ பிரெஞ்சு சமையலின் சொத்து. அதனாலேயே கம்போ பற்றிய பேச்சு ரூவைச் சுற்றி நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர். மறு வருடமே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்துவிட்டன. நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துப் பிடித்து வரச் சொல்லி உத்தரவு இருந்தது. வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வெண்டைக்காயைப் போட்டுச் சாறாகக் கொதிக்க வைத்துச் சோற்றோடு சாப்பிடும் பழக்கம் அவர்களுடையது. ஃபிலே பொடி, சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்தது. சோக்டா பழங்குடியினர் அதை அரைத்து நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் விற்று வந்தார்கள். வீடுகளிலும் விடுதிகளிலும் சட்டிக்கு முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். பிரெஞ்சு ரூ இந்தச் சட்டிக்குள் வந்தது உண்மை, வந்து சிறப்பும் சேர்த்தது. ஆனால் சட்டி அவர்களுடையது.

கேஜன் கம்போ வேறு. 1755இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக் குடியானவர்கள் தென்மேற்கு லூசியானாவில் வந்து குடியேறினார்கள். அவர்கள் வீட்டுக் கம்போவில் கோழியும் ஆண்டூய் என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி சாசேஜும் இருக்கும், ரூ கருஞ்சாக்லேட் நிறத்தில் இருக்கும், தக்காளி இருக்காது. அதுவும் அருமை. ஆனால் நண்டும் இறாலும் போடும் கம்போவுக்கு அந்தக் கருத்த ரூ பொருந்தாது. இறாலின் இனிப்பை அது விழுங்கிவிடும்.

சரி, இறாலுக்கு வருகிறேன்.

ஹூஸ்டனில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் உறைய வைத்த இறால் பை பையாகக் கிடைக்கும். தலை இருக்காது, பெரும்பாலும் ஓடும் இருக்காது. பையைத் திருப்பிப் பார்த்தால் இந்தியா, ஈக்வடார், வியட்நாம் என்று போட்டிருக்கும். அமெரிக்கா சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி. அதில் முதலிடம் இந்தியாவுக்கு. ஆந்திரக் கடற்கரையின் வனமை இறால் பண்ணைகள்தான் பெரும்பங்கு, நம் நாகை, கடலூர்ப் பக்கத்துப் பண்ணைகளும் கொஞ்சம் உண்டு. அந்தப் பண்ணைகளை நம்பி வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த இறால் இங்கே வந்து இறங்கும் விலையில், மெக்சிகோ வளைகுடாவில் வலை போடுபவர்களால் டீசல் செலவைக்கூட எடுக்க முடிவதில்லை. 2010 ஏப்ரலில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்து, 87 நாட்கள் கடலுக்குள் எண்ணெய் கொட்டியது. அதிலிருந்து எழுந்து வந்தவர்களை இந்த விலை சாய்க்கிறது. இறக்குமதி இறாலைப் பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்று லூசியானா 2019இல் சட்டம் போட்டது. நல்ல சட்டம்.

கம்போ வைக்க எண்ணியிருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சேதி இருக்கிறது. தலையோடு இறால் வேண்டுமென்றால் படகு வந்து நிற்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஹூஸ்டனுக்குத் தெற்கே சீப்ரூக், கீமா ஊர்களில் தண்ணீரோரம் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 1975க்குப் பிறகு வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இந்தக் கரையில் படகு வாங்கித் தொழிலில் இறங்கினார்கள். தொடக்க வருடங்களில் வெள்ளை இனவெறியர்கள் அவர்கள் படகுகளுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கியோடு மிரட்டினார்கள். வியட்நாமியர்கள் நீதிமன்றம் போய் 1981இல் தடையாணை வாங்கினார்கள். தொழிலை விடவில்லை. இன்று அந்தக் கடைகளில் எனக்கு இறாலை அள்ளிப் போடுவது பெரும்பாலும் அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்.

தலையோடு வாங்கினால் அன்றைக்கே வேலையை முடித்துவிட வேண்டும். தலைக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பில்தான் ருசி முழுவதும் இருக்கிறது. அதிலேயே செரிமான நொதிகளும் இருக்கின்றன. விட்டுவைத்தால் அவை இறால் சதையைக் கரைத்துத் தளர்த்திவிடும். ஐஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையைத் திருகித் தனியாக, ஓட்டை உரித்துத் தனியாக, சதையைக் குளிரில் வைத்துவிடுங்கள். எட்டுப் பேருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தலையோடு இறால், ஐந்தாறு நீல நண்டு. நண்டின் மேலோட்டைக் கழற்றி, இருபுறமும் இருக்கும் சாம்பல் நிறச் செவுள்களைப் பிய்த்து எறிந்து, பாதியாக உடைத்துக்கொள்ள வேண்டும்.

சாறு. பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் எண்ணெய் காய்ந்ததும் தலைகளையும் ஓடுகளையும் போட்டு வதக்குங்கள். நண்டுக் கால்களின் நுனியையும் தட்டிப் போடலாம், நண்டு ரசத்துக்கு இடித்துப் போடுவது மாதிரி. நிறம் சிவந்து, அடுப்பங்கரை முழுவதும் மணம் பரவும்வரை பொறுமை வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு ஈடுகட்டவே முடியாது. கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை நன்றாக அழுத்துங்கள், அந்தக் கொழுப்பு எண்ணெயில் இறங்கி எண்ணெயே ஆரஞ்சு நிறமாகும். அப்புறம் 3 லிட்டர் தண்ணீர், வெங்காயத்தின் கொண்டை, செலரியின் இலையும் அடித்தண்டும், மிளகு, இரண்டு பே இலை. நம் பிரியாணி இலையைப் போடாதீர்கள். அது வேறு மரம், பட்டை வாசம் வந்து சாற்றின் குணத்தை மாற்றிவிடும். சிறு தீயில் நாற்பது நிமிடம் கொதித்தால் போதும். வடிகட்டும்போதும் தலைகளை அழுத்திப் பிழிய வேண்டும்.

வெண்டைக்காய் அரை கிலோவைத் தனியாக வதக்குவேன். கொழகொழப்பு போக வெண்டைக்காயை எப்படி வதக்குவது என்று நம் வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈரமில்லாமல் துடைத்து வெட்டி, அகலமான சட்டியில், மூடி போடாமல். இரண்டு தக்காளி நறுக்கிச் சேர்த்தால் அதன் புளிப்பு நூலை அறுத்துவிடும். கம்போவில் தக்காளி கூடாது என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் வீடுகளில் போடுகிறார்கள், வெண்டைக்காயோடு அது நன்றாகச் சேருகிறது, நான் போடுகிறேன். இரும்புச் சட்டி மட்டும் இதற்கு வேண்டாம், காய் கறுத்துவிடும்.

இப்போது ரூ. அடி கனத்த பாத்திரத்தில் அரை கப் எண்ணெய், அரை கப் மைதா. மிதமான தீ, தட்டையான மரக்கரண்டி, ஓயாத கை. வெள்ளை, வைக்கோல் நிறம், வேர்க்கடலை நிறம் என்று மாறி, செப்புக் காசின் நிறம் வரும்போது நிறுத்திவிடுவேன். கடலுணவுக்கு அது போதும். மாவு கருக்கக் கருக்க மணம் ஏறும், ஆனால் சூட்டில் ஸ்டார்ச் உடைந்து கெட்டிப்படுத்தும் சக்தி குறைந்துகொண்டே போகும். கருஞ்சாக்லேட் ரூ வைப்பவர்கள் மாவை அள்ளிப் போட வேண்டியிருப்பது அதனால்தான். குழந்தைகளை இந்த நேரத்தில் அடுப்பருகே விடாதீர்கள். இந்தக் கலவை தோலில் தெறித்தால் வழியாது, ஒட்டிக்கொண்டு எரிக்கும்.

நிறம் வந்த கணத்தில் நறுக்கிய வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். சூடு இறங்கி ரூ கருகாமல் நிற்கும், வெங்காயத்தின் சர்க்கரை நிறத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும். அது தளர்ந்த பிறகு செலரியும் பச்சைக் குடைமிளகாயும். வெங்காயம் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு. இந்த மூன்றையும் லூசியானாவில் புனித மும்மை என்கிறார்கள். கத்தோலிக்கப் பழக்கங்கள் ஊறிய ஊர், பெயரும் அப்படி. பூண்டு, தைம், கயேன் மிளகாய்த்தூள், உப்பு. மிளகாய்த்தூளில் கை தாராளமாகப் போகும் நமக்கு. அடக்கிக்கொள்ளுங்கள், காரம் ஏறினால் சாறு மறைந்துவிடும். பிறகு சாற்றைச் சூடாகவே, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்க வேண்டும். வெண்டைக்காய், பே இலை, உடைத்த நண்டு எல்லாம் உள்ளே போய், ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் ருசி பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்த வேலை. முதல் கால் மணியில் மாவும் சாறும் தனித்தனியாகத் தெரியும். நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாம் சப்பென்று இருப்பது போலத் தோன்றும், உப்பை அள்ளிப் போடக் கை வரும். போடாதீர்கள். நண்டு தன் உப்பை இன்னும் விட்டு முடிக்கவில்லை, சிப்பியின் உப்பு நீரும் இனிமேல்தான் வரப்போகிறது. கடைசிக் கால் மணியில் சுவை ஒன்றுகூடும். அப்போது உப்பைச் சரி பார்த்துக்கொள்ளலாம்.

சோறு நீள அரிசியில், உதிரியாக. பாஸ்மதி வேண்டாம், அதன் வாசனை இங்கே ஒட்டாது. லூசியானாவின் க்ரௌலி வட்டாரத்தில் விளையும் சாதாரண நீள அரிசி ஹூஸ்டன் கடைகளில் கிடைக்கிறது.

இறாலை எல்லோரும் கை கழுவி உட்காரத் தயாரான பிறகு போட்டால் போதும். நான்கைந்து நிமிடம், அதற்குமேல் விட்டால் ரப்பராகும். கடைசி இரண்டு நிமிடத்தில் சிப்பி, அதன் நீரோடு. ஓரம் சுருண்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி, மூடி வைத்துப் பத்து நிமிடம். ஃபிலே பொடியை நான் சட்டியில் போடுவதில்லை, மேசையில் வைத்துவிடுகிறேன். முன்பெல்லாம் வெண்டைக்காய் விளையும் கோடையில் வெண்டைக்காய்க் கம்போ, அது இல்லாத குளிர்காலத்தில் ஃபிலே கம்போ என்றுதான் பழக்கம். இரண்டையும் சேர்ப்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விரும்புகிறவர்கள் தங்கள் கிண்ணத்தில் அரைக் கரண்டி தூவிக் கலக்கட்டும். ஃபிலே சேர்ந்த கம்போவை மறுபடி கொதிக்க வைத்தால் நூல் நூலாக இழுக்கும் என்பதும் ஒரு காரணம். கம்போ மிஞ்சும், மிஞ்ச வேண்டும், மறுநாள் அதன் சுவையே தனி.

இந்தக் கரையில் வெள்ளை இறால் கோடையின் கடைசியிலிருந்து நன்றாக வரும். சிப்பிக்கு நல்ல காலம் குளிர் மாதங்கள். அதனால் செப்டம்பரில் இறால் வாங்கும்போதெல்லாம், கம்போ வைக்காவிட்டாலும், தலைகளை வறுத்துச் சாறு இறக்கி டப்பாக்களில் உறைய வைத்துவிடுகிறேன். ஜனவரியில் சிப்பி கொழுத்து வரும்போது பாதி வேலை ஃப்ரீசரில் தயாராக இருக்கும். நண்டையும் ரூவையும் மட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டால் போதும்.